ஒரு கட்டை கீழே

லிஃப்ட் ஓடாத கட்டிடத்துக்குத்தான் லிஃப்ட்காரனைக் கூப்பிடுவார்கள். இது யாருக்கும் தோன்றுவதில்லை. "உனக்கென்னப்பா, லிஃப்ட்லயே போய் லிஃப்ட்லயே வர்ற வேலை" என்று சொல்கிறவர்கள் எல்லோரும் ஓடுகிற லிஃப்டை மட்டும் பார்த்தவர்கள். இருபத்தெட்டு வருடமாக நான் படிதான் ஏறிக்கொண்டிருக்கிறேன். தோளில் பதினான்கு கிலோ கருவிப் பை. மொட்டை மாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் போய்ச் சேருவதற்குள் முழங்கால் இரண்டும் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டத் தொடங்கிவிடும்.

அப்படி ஒன்பது மாடி ஏறி, மோட்டார் அறைப் பூட்டில் சாவியை நுழைக்கும்போதுதான் அக்கா போன் செய்தாள். முதலில் வேறு யாரோ என்று நினைத்தேன். காகிதத்தைக் கசக்குவது மாதிரி ஒரு குரல்.

"டாக்டர் ஒரு மாசம் பேசவே கூடாதுன்னுட்டார்டா. அதச் சொல்லத்தான் பேசறேன்."

நான் சிரித்தேன். அவளும் சிரிக்கப் பார்த்து, இருமி, நிறுத்திக்கொண்டாள்.

"குழாய் விட்டுப் பாத்தாங்க. குரல் வர்ற இடத்துல தடிப்பு விழுந்திருக்காம். எதுக்கும்மா தொண்டைய இப்படிக் கிழிச்சுக்கறீங்க, கொஞ்சம் கீழ பாடக் கூடாதான்னு கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"என் தம்பி கிட்டார் வாசிக்கிறான், அவன் முடியாதுன்னு சொன்னா முடியாதுதான்னு சொன்னேன்."

போனை வைத்துவிட்டாள். நான் மோட்டார் அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். உள்ளேயிருந்து எண்ணெயும் சூடும் கலந்த காற்று முகத்தில் அடித்தது. கீழே ஏதோ ஒரு மாடியில் யாரோ லிஃப்ட் பொத்தானை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார்கள். முடியாது என்று நான் சொன்னது பொய்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது, எனக்கு ஐம்பத்திரண்டு. அவள் ஒரு ஆஸ்பத்திரியில் வெளிநோயாளிகள் பிரிவில் டோக்கன் எண்ணும் பெயரும் கூப்பிடுகிறவள். திங்கள் முதல் வெள்ளி வரை ஊரார் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, சனிக்கிழமை மதியம் ஒரு ஹோட்டலின் சாப்பாட்டுக் கூடத்தில் எங்களோடு பாடுவாள். எங்களோடு என்றால் மூன்று பேர். அக்கா பாட்டு, நான் கிட்டார், ஒருவர் பேஸ் கிட்டார். தாளத்துக்கு அக்காவின் வலது கால். செருப்பில் ஒரு சின்னச் சலங்கைத் தட்டைக் கட்டிக்கொண்டு தட்டுவாள். பன்னிரண்டரைக்குத் தொடங்கினால் மூன்று மணி வரை. சாப்பிடுகிறவர்கள் எங்களைக் கேட்பதில்லை, நாங்களும் அவர்களைக் கேட்பதில்லை. அப்படியே இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது.

எங்கள் நிகழ்ச்சியில் எல்லோரும் வைக்கும் பாட்டுகள்தான் அதிகம். ஒன்றே ஒன்று மட்டும் அக்கா தானே கட்டியது. ஆஸ்பத்திரி கவுண்டரில் உட்கார்ந்து, ஒரு டோக்கன் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். ப்ளூஸ் பாட்டு, மேல்நாட்டுக்காரர்கள் மனக்குறையைப் பாடுகிற வகை. பன்னிரண்டு பார், அதாவது பன்னிரண்டு தாள ஆவர்த்தனம், கொண்ட சுற்று, முதல் வரி இரண்டு தடவை, மூன்றாவது வரியில் பதில்:

எல்லார் பேரும் கூப்பிட்டேன், என் பேர யாரும் கூப்பிடல,
எல்லார் பேரும் கூப்பிட்டேன், என் பேர யாரும் கூப்பிடல,
கூப்பிட்டா மட்டும் என்ன, எந்திரிக்கக் காலு வரல.

அந்த மூன்றாவது வரியில் "என்ன" என்ற இடத்தில் குரல் உச்சிக்குப் போக வேண்டும். போன வருடம் வரை போனது. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, நிகழ்ச்சி முடிந்து ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டாள்.

"ஒரு கட்டை இறக்கிக்கலாமாடா? மேல போகும்போது கழுத்த யாரோ பிடிக்கிற மாதிரி இருக்கு."

நாங்கள் சுருதியைக் கட்டைக் கணக்கில்தான் சொல்வோம். அந்தப் பாட்டு மூன்று கட்டை. கிட்டார்க்காரர்கள் பாஷையில் ஈ. ஒரு கட்டை இறக்கினால் இரண்டு கட்டை, அதாவது டி. உலகத்தில் எந்தப் பாட்டையும் எந்தப் பாடகிக்காகவும் இறக்கலாம். இறக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"முடியாதுக்கா. இந்தப் பாட்டு மூணு கட்டைலதான் கிட்டார்ல வரும். கம்பி அப்படி."

கம்பி அப்படியாம்! பொய் சொல்வதற்கும் கொஞ்சம் உழைக்க வேண்டும். அந்த உழைப்புகூட இல்லாத பொய் அது. அக்கா "அப்படியா, சரி" என்று சொல்லிவிட்டு ஒயரின் மறு முனையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் எட்டு மாதம் அந்த உச்சியை எட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தாள். எட்டுவதற்கு முன்னால் தோள் உயரும், கழுத்து நரம்பு புடைக்கும். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. இரண்டாவது சரணம் முடிந்ததும் பன்னிரண்டு பார் எனக்கு. என்னுடைய ஸோலோ. ப்ளூஸில் ஸோலோ என்றால் அந்த நேரத்தில் மனதில் எழுவதை வாசிப்பது. "உங்க தம்பி ஒவ்வொரு வாரமும் புதுசா வாசிக்கிறாரே" என்று ஹோட்டல் மேனேஜர் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். அக்கா அதை வீட்டில், கடையில், ஆஸ்பத்திரியில் என்று சொல்லாத இடம் கிடையாது. உண்மையில் அது இருபத்திரண்டு வருடமாக ஒரே ஸோலோ. ஒரு ஸ்வரம் மாறாது. முதல் வருடம் கஷ்டப்பட்டு ஒன்றைக் கட்டினேன், நன்றாக அமைந்துவிட்டது, அங்கேயே குடியேறிவிட்டேன். கண்ணை மூடிக்கொள்வேன், எதையோ தேடுகிற மாதிரி முகத்தைச் சுளிப்பேன். அந்தச் சுளிப்பும் ஒத்திகை பார்த்ததுதான்.

அந்த ஸோலோ மூன்று கட்டையில் மட்டும்தான் நிற்கும். அந்தச் சுருதியில் கிட்டாரின் அடிக் கம்பியும் உச்சிக் கம்பியும் சும்மா தட்டினாலே ஈ என்று பேசும். கை கிட்டார்க் கழுத்தின் நுனியில் உட்கார்ந்துகொண்டு எதை மீட்டினாலும் கீழே அந்தத் திறந்த கம்பி ரீங்காரம் போட்டுத் தூக்கிவிடும். பாதி வித்தை கம்பியுடையது, பேர் எனக்கு. ஒரு கட்டை இறக்கினால் அந்தத் துணை போய்விடும். அதே விரல் அமைப்பை அப்படியே பத்தாவது ஃப்ரெட்டுக்கு, வீணையில் மெட்டு என்போமே அதற்கு, நகர்த்தலாம் என்றால், என் கிட்டாரின் கழுத்து என் முதுகு மாதிரியே வளைந்தது. ஒன்பதாவது ஃப்ரெட்டுக்கு மேல் எதை அழுத்தினாலும் கரகரக்கும்.

மிச்சம் இருப்பது நடுக் கழுத்து. அதற்கு வழி இல்லாமல் இல்லை. சி, ஏ, ஜி, ஈ, டி என்று கிட்டாரில் ஐந்து ஆரம்பக் கார்டுகள், அதாவது சில ஸ்வரங்களைச் சேர்த்துப் பிடிக்கும் பிடிகள், உண்டு, ஒவ்வொன்றுக்கும் விரல்கள் ஒரு வடிவத்தில் நிற்கும். ஒரு விரலைக் குறுக்கே படுக்க வைத்து அந்த வடிவத்தை மேலே தள்ளினால் அதே வடிவம் வேறு கார்டாகிவிடும். ஆக, எந்தக் கார்டையும் கழுத்தில் ஐந்து இடத்தில், ஐந்து வடிவத்தில் பிடிக்கலாம். ஸோலோவுக்கு வேண்டிய ஸ்வரங்கள் அந்தந்த வடிவத்தைச் சுற்றியே நிற்கும். இதை முதல் வருடம் படிக்கிற யாரும் ஒப்பிப்பார்கள். நானும் ஒப்பிப்பேன். கேட்டவர்களுக்கு விளக்கியும் இருக்கிறேன். அங்கே கை போனதுதான் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் சட்டையைக் கழற்றவே தெம்பு இருக்காது, இதில் எங்கே போய் கழுத்து முழுக்க நடப்பது?

ஒரு மாதம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். குரல் திரும்பியிருந்தது, ஆனால் அதன் மேல் மாடி பூட்டிக் கிடந்தது. அத்தான் பாத்திரம் கழுவிக்கொண்டே, "ஒரு மாசம் என் வீட்ல என் பேச்சுதான்" என்றார். அக்கா ஈரத் துணியை அவர் மேல் எறிந்தாள்.

"பாடலாம்னு சொல்லிட்டாங்க. வலிச்சா உடனே நிறுத்தணுமாம்" என்றாள் என்னிடம். "வர்ற சனிக்கிழமை அந்தப் பாட்டப் பாடிப் பாக்கறேன். அந்த இடம் வரலைன்னா விட்டுடறேன்டா."

"பாட்டயா?"

"பாடறதையே. கேக்கறவங்க பாவம்னு பாக்கறதுக்கு முன்னாடி நாமளே இறங்கிடணும். நீ வேற யாரையாவது வச்சு நடத்து. நான் வந்து முன்னாடி உக்காந்து சாப்பிடறேன்."

ஒரு கட்டை இறக்கேன் என்று அவள் கேட்கவில்லை. ஒரு தடவை முடியாது என்று சொல்லிவிட்டேன் அல்லவா, அதோடு முடிந்தது. அவள் அதை ஒரு விதி மாதிரி ஏற்றுக்கொண்டிருந்தாள். அந்த நிமிடமே சொல்லியிருக்கலாம். "அக்கா, எனக்கு வாசிக்கத் தெரியாது, அதனால பொய் சொன்னேன்." ஒரே ஒரு வரி. அதைச் சொன்னால் இருபத்திரண்டு வருடப் புதுசு புதுசும் சேர்ந்து போய்விடும். மென்று விழுங்கிவிட்டுத் தலையை ஆட்டினேன்.

திரும்பி வரும்போது பேருந்தில் ஒரு குறுக்கு வழி தோன்றியது. ஆறு கம்பியையும் ஒரு கட்டை தளர்த்திவிட்டால்? கை பழைய இடத்தில் பழைய ஸோலோவையே வாசிக்கும், சத்தம் மட்டும் இரண்டு கட்டையில் வரும். அக்காவிடம் சொல்லவும் வேண்டாம். சுலபமாக மேலே போய்விடுவாள், தொண்டை சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். எவ்வளவு நல்ல தம்பி! இரண்டு நிறுத்தம் தாண்டி இறங்கினேன், அந்த அளவுக்கு எனக்கு என் மேல் சந்தோஷம்.

ஒத்திகை புதன்கிழமை சாயங்காலம், பேஸ்காரரின் சலவைக் கடைப் பின்னறையில். அவரை எல்லோரும் இஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என்னை லிஃப்ட்டு என்பார். அறை முழுக்க பிளாஸ்டிக் உறை போட்ட கோட்டும் புடவையும் தொங்கும், ஒவ்வொன்றிலும் ஊக்கில் குத்திய எண் சீட்டு. அத்தனை துணியும் சத்தத்தைக் குடித்துவிடும் என்பதால் பக்கத்து வீட்டில் யாரும் சண்டைக்கு வருவதில்லை. நான் முன்னதாகவே கம்பிகளைத் தளர்த்தி வைத்துக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தேன்.

முதல் நான்கு பார் நான் மட்டும் வாசித்தேன். அக்கா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். "எல்லார் பேரும் கூப்பிட்டேன்..." குரல் இறங்கி, கனத்து, எண்ணெய் போட்ட கதவு மாதிரி சத்தமில்லாமல் திறந்தது. அடடா என்று எனக்கே இருந்தது. அப்போது பேஸ் உள்ளே வந்தது.

மூன்று கட்டையில் வந்தது. நானும் அக்காவும் இரண்டில், இஸ்திரி மூன்றில். ஒரே சுவரின் இரண்டு பக்கமும் ஆணி அடிப்பது மாதிரி இருந்தது. அக்கா தடுமாறி பேஸ் பக்கம் ஏறினாள், கிட்டார் பக்கம் இறங்கினாள், நடுவில் எங்கோ மாட்டிக்கொண்டு நிறுத்தினாள். மறுபடி எடுத்தோம். மறுபடி அதே கூத்து. மூன்றாவது தடவை அவள் எடுக்கவே இல்லை. அவளுடைய கால் நின்றுவிட்டது.

"உங்க மேல தப்பு இல்ல" என்றாள். "எனக்குத்தான் சுருதி நிக்க மாட்டேங்குது. தொண்டை போச்சுன்னு நெனச்சேன், காதும் போயிடுச்சு போல."

நான் வாயைத் திறக்க வேண்டிய இடம் இதுதான். கிட்டார் கழுத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா செருப்பிலிருந்து சலங்கையைக் கழற்றி, பையில் போட்டு, பையை இரண்டு தடவை மூடித் திறந்து மூடினாள்.

"சனிக்கிழமை ஒரு நாள் மட்டும் வந்துடறேன். சொல்லாம நின்னா மரியாதையா இருக்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இஸ்திரி பேஸைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்தார். பிறகு எழுந்து வந்து, கேட்காமலே என் கிட்டாரின் அடிக் கம்பியை ஒரு விரலால் தட்டினார். அது தொளதொளவென்று ஆடியது.

"நெனச்சேன்" என்றார். "லிஃப்ட்டு, எனக்கு இடது காது பாதிதான் கேக்கும். உனக்கே தெரியும். உன் பக்கம் அந்தக் காதுதான். இத்தன வருஷமா நான் உன் சத்தத்தக் கேட்டா வாசிக்கிறேன்? உன் கையப் பாத்து வாசிக்கிறேன். உன் கை ஈ பிடிச்சுது, நான் ஈ வாசிச்சேன்."

நான் இதை யோசிக்கவே இல்லை. ஊரை ஏமாற்றத் திட்டம் போட்டவன், என் கையையே சுருதிப் பெட்டியாக வைத்திருக்கிற ஆளை மறந்துவிட்டேன்.

"அந்தம்மா காது போயிடுச்சுன்னு அழுதுட்டுப் போகுது. நீ துணியப் போட்டுத் தொடச்சுட்டு உக்காந்திருக்க."

"அழலையே."

"வாசல்ல போய் அழுதாங்க. நான் பாத்தேன்."

எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு மாதம், கம்பி அப்படி, ஒரே ஸோலோ. கடைசி விஷயத்துக்கு அவர் அதிர்ச்சி அடையவே இல்லை.

"அது தெரியும்யா. ஏழாவது பார்ல கை கொஞ்சம் மேல போகும், பத்தாவது பார்ல மூஞ்சியச் சுளிப்ப. மூஞ்சியப் பாத்துத்தான் நான் சுத்து முடியறதுக்கு ரெடியாவேன்."

"அப்ப சனிக்கிழமை கம்பி இப்படியே இருக்கட்டும். நீங்க என் கையப் பாக்காம ரெண்டு கட்டைல வாசிச்சுடுங்க. முடிஞ்சுது."

"அடுத்த வருஷம்? வயசு ஆக ஆகக் குரல் இன்னும் இறங்கும். அப்பக் கம்பிய எடுத்துட்டுக் கொடிக்கயிறு கட்டுவியா?" அவர் விளக்கை அணைக்கப் போனார். "சனிக்கிழமை வரைக்கும் நான் பேசல. நீ ஒழுங்கா டி பிடிச்சு வா. அவங்ககிட்ட நீயே சொல்லிடு. இல்லைன்னா நான் சொல்றேன், நான் சொன்னா அழகா இருக்காது."

வியாழக்கிழமை ஒரு பதினோரு மாடிக் கட்டிடத்தில் கதவு சென்ஸார் வேலை. ஒரு தோளில் கருவிப் பை, மறு தோளில் கிட்டார். ஏழாவது மாடியில் ஒரு அம்மாள் கதவைத் திறந்து பார்த்து, "லிஃப்ட் வர்ற வரைக்கும் பாட்டுப் பாடப் போறீங்களா?" என்றாள். எனக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் மோட்டார் அறையில் ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்தேன். அவ்வப்போது தலைக்குப் பக்கத்தில் ரிலே 'டக்' என்று விழும், சக்கரம் சுற்றும். டி கார்டை முதலில் ஏ வடிவத்தில், ஐந்தாவது ஃப்ரெட்டில் பிடித்தேன். அதற்குக் கீழேயே, இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவில், அதே டி, சி வடிவத்தில் கிடந்தது. பாட்டின் மற்ற இரண்டு கார்டுகளான ஜியும் ஏயும் ஈ வடிவத்தில், ஒன்று மூன்றாவது ஃப்ரெட்டில், மற்றொன்று ஐந்தாவதில். எல்லாம் ஒரு சாண் இடத்துக்குள். இருபத்திரண்டு வருடம் இந்த ஒரு சாணுக்குப் பயந்தேன் என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

ஆனால் வடிவம் பிடிப்பது வேறு, அதற்குள்ளிருந்து பேசுவது வேறு. முதலில் விரல்கள் பழைய வீட்டுக்கே ஓடின. திறந்த கம்பியைத் தட்டின, அது சம்பந்தமில்லாமல் கத்தியது. கார்டைப் பிடித்து, அதைக் கலைக்காமல், அதன் ஒவ்வொரு ஸ்வரமாக மீட்டி, பக்கத்து வடிவத்துக்கு எந்த விரலில் தாண்டுவது என்று தேடினேன். கிரீஸ் படிந்த நகம், நடுவிரலில் பழைய வெட்டு. நாற்பது நிமிடத்தில் ஒரு நல்ல வரிகூட வரவில்லை. பிறகு சாயங்காலம் வரை சென்ஸார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஒன்று தட்டுப்பட்டது. இரண்டாவது கம்பியில் ஏழாவது ஃப்ரெட், டி கார்டுக்குள் இருக்கிற இனிப்பான ஸ்வரம். பாட்டு டியிலிருந்து ஜிக்குத் திரும்புகிற நொடியில் அதை ஒரே ஒரு ஃப்ரெட் இறக்கி, ஆறாவதில் வைத்தால், பேஸும் வேண்டாம், கார்டும் வேண்டாம், அந்த ஒரு ஸ்வரமே பாட்டு திரும்பிவிட்டது என்று சொல்லிவிடுகிறது. பத்துத் தடவை செய்து பார்த்தேன். பத்துத் தடவையும் முதுகில் ஏதோ ஊர்ந்தது. கூடவே ஒரு சோர்வும் வந்து உட்கார்ந்தது. இது இங்கேயேதான் இருந்திருக்கிறது, நான்தான் கையை நீட்டவில்லை. முப்பது வயதில் நீட்டியிருந்தால் என்று யோசிக்க ஆரம்பித்தேன். அப்போது ரிலே விழுந்தது, எழுந்து வேலைக்குப் போனேன்.

சனிக்கிழமை அக்காவிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அவள் மேடைக்குப் பின்னால் வெந்நீர்க் குடுவையோடு உட்கார்ந்திருந்தாள். நான் வாயெடுத்ததும், பேசவைக்காதே என்று கையைக் காட்டிவிட்டுத் தொண்டையைத் தொட்டுக்கொண்டாள். நான் அதைச் சாக்காக எடுத்துக்கொண்டேன். கிடைக்கிற சாக்கை விடுகிற ஆளா நான்? இஸ்திரி என்னைப் பார்த்தார், பார்த்துவிட்டு வலது காது என் பக்கம் இருக்கும்படி இடம் மாறி நின்றார்.

நான்கு சாதாரணப் பாட்டுக்குப் பிறகு அந்தப் பாட்டு. நான் ஐந்தாவது ஃப்ரெட்டில் கை வைத்து ஆரம்பித்தேன். இஸ்திரி என் கையைப் பார்த்து, சரியாக இரண்டு கட்டையில் இறங்கினார். அக்கா கண்ணை மூடி எடுத்தாள். முதல் வரி, இரண்டாவது வரி. மூன்றாவது வரிக்கு முன்னால் அவள் தோள் வழக்கம்போல் உயர்ந்தது, விழப் போகிறவள் கைப்பிடியைப் பிடிப்பது மாதிரி மைக்கைப் பிடித்தாள். "கூப்பிட்டா மட்டும் என்ன..." போய்விட்டது. போனதோடு அங்கேயே நின்று, சுற்றிப் பார்த்து, மெல்ல இறங்கி வந்தது. அவள் கண்ணைத் திறந்தாள். அப்படி ஒரு முகத்தை நான் அவளிடம் பார்த்துப் பல வருடமாகிறது.

பிறகு என்னுடைய பன்னிரண்டு பார். கண்ணை மூடவில்லை, மூடினால் வழி தெரியாது. முதல் இரண்டு பார் நடுக்கத்தில் போனது. மூன்றாவதில் ஒரு தப்பு ஸ்வரம், அதை வளைத்துச் சரியாக்கினேன். ஐந்தாவது பாரில் ஏழிலிருந்து ஆறுக்கு அந்த ஒரு ஃப்ரெட் இறங்கினேன், இஸ்திரி "ம்" என்றார். அதற்கப்புறம் சி வடிவத்துக்குள் இறங்கி என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு இடத்தில் ஒன்றும் தோன்றவில்லை, ஒரு பார் முழுக்கச் சும்மா இருந்தேன், பேஸும் அக்காவின் காலும் மட்டும் கேட்டன. அந்த மௌனமும் நன்றாகத்தான் இருந்தது. என் வாழ்க்கையில் நான் வாசித்த முதல் ஸோலோ அதுதான். ஏழாம் மேஜையில் ஒருவர் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

இடைவேளையில் சமையல் கூடத்துக்குப் போகும் நடைவழியில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சுட்டது.

"மூணு கட்டை வந்துடுச்சுடா! ஒரு துளி வலி இல்ல. காதும் சரியா இருக்கு பாரு, கொஞ்சங்கூட விலகல. அன்னைக்குப் பயத்துலதான் அப்படி ஆயிருக்கு. நான் நிறுத்தப் போறதில்ல. அத்தான்கிட்ட இப்பவே சொல்லணும்."

தட்டு அடுக்கிய வண்டி ஒன்று எங்களைத் தாண்டிப் போனது. இஸ்திரி பின்னால் வந்து நின்றார். நான் பேசாமல் இருந்துவிடலாம். அவளும் சந்தோஷமாக இருப்பாள், நானும் நல்லவனாகவே இருப்பேன். அடுத்த வாரம் வீட்டில் தனியாக மூன்று கட்டையில் எடுத்துப் பார்ப்பாள், மறுபடி கிழியும்.

"மூணு இல்லக்கா" என்றேன். "ரெண்டு."

அவள் சிரிப்பு உடனே போகவில்லை. புரிந்துகொள்ள நேரம் எடுத்தது.

"இறக்கிட்டியா?"

"ஆமா."

"முடியாதுன்னியே."

"முடியும். எனக்குத்தான் வாசிக்கத் தெரியாம இருந்துச்சு."

"நான் மொதல்ல கேட்டன்னைக்கு?"

"அன்னைக்கும் முடியும்க்கா."

"புதன்கிழமை?"

"கம்பியத் தளர்த்தி வச்சிருந்தேன். உன் காதுல ஒண்ணும் கோளாறு இல்ல. நீதான் சரியா பாடின."

அவள் என் கையை விட்டாள். திட்டுவாள் என்று நின்றேன், திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன். அவள் கழுத்தைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்தாள். நான் "மன்னிச்சுடு" என்றேன். அந்த வார்த்தை நடைவழியில் கிடந்தது, அவள் குனிந்து எடுக்கவில்லை.

பரிமாறுகிறவர் ஒருவர் தலையை நீட்டினார். "ஏழாம் மேஜைல அந்தப் பாட்ட இன்னொரு தடவை கேக்கறாங்க. கிட்டார் வருமே, அது."

அக்கா அவரிடம் மட்டும் தலையாட்டினாள். மேடைக்குப் போய் மைக்கைச் சரிசெய்துகொண்டு, என் பக்கம் திரும்பாமல், "ரெண்டு கட்டை" என்றாள்.

இரண்டு சரணமும் நிறுத்தி, நிதானமாகப் பாடினாள். குரல் அப்படிக் கனிந்திருந்தது. என் இடம் வந்தது. நான் இரண்டாவது கம்பியில் விரலை வைத்துத் தயாராக இருந்தேன், இந்தத் தடவை என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியாது. ஏழாம் மேஜைக்காரர் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அக்கா மைக்கிலிருந்து விலகவில்லை. மூச்சை இழுத்து, பாட்டில் இல்லாத ஒரு வரியை எடுத்தாள்.

கம்பி மேல பழி போட்டான், நானும் நம்பி நின்னேனே,
கம்பி மேல பழி போட்டான், நானும் நம்பி நின்னேனே,
மூச்சு முட்டப் பாடினேனே, பக்கத்துலதான் நின்னானே.

அந்த நிமிடத்தில் கட்டியது. எழுதவில்லை, ஒத்திகை பார்க்கவில்லை. பன்னிரண்டு பாரையும் அவளே எடுத்துக்கொண்டாள். இஸ்திரி தலையைக் குனிந்துகொண்டார். நான் விரலை எடுத்துவிட்டு, டி, ஜி, ஏ என்று அவள் போகிற இடத்துக்கெல்லாம் அடியில் கார்டு பிடித்துக்கொண்டு போனேன்.